ஃபிலிமில் என் கீறல் ஒன்றுகூட இல்லை

காய்ந்த பெயிண்டை எடுப்பதில் அவசரமே கூடாது. அவசரப்பட்டவர்கள் எல்லாரும் கெடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். வெறும் கண்ணாடி என்றால் பிளேடைப் போட்டு இரண்டு இழுப்பில் முடித்துவிடலாம். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி அப்படியில்லை. பிளேடு பட்டால் கிழியும், தின்னர் பட்டால் வெந்து சுருங்கும், பாத்திரம் தேய்க்கிற நார் பட்டால் கோடு விழும். வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு ஒரு சொட்டு, மெல்லிய துணி, மிச்சமெல்லாம் பொறுமை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தம்பி, இங்கே கொண்டு வந்ததிலிருந்து எல்லாரும் என்னை ஏதோ வெறி பிடித்தவள் மாதிரிப் பார்க்கிறார்கள். தண்ணீர் கொண்டு வந்த போலீஸ்காரப் பெண் கண்ணாடித் தம்ளரில் தரவில்லை. காகிதக் கப்பில் ஊற்றி, எட்ட நின்று தள்ளிவிட்டுப் போனாள். வெறி பிடித்தவளுக்கு அந்த ஜன்னலை அப்படித் துடைக்க வருமா? நீங்களே போய்ப் பார்த்தீர்கள். பெயிண்ட் இருந்த இடம் தெரிந்ததா? தெரிந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் திருச்செல்வம் என்று சட்டையில் பெயர் பார்த்தேன். தமிழிலேயே பேசலாம் என்று சொன்னீர்கள், சந்தோஷம். எல்லாவற்றையும் சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. மன்னிப்பு மட்டும் கேட்பேன் என்று காத்திருக்காதீர்கள். அது வராது.

என் பெயர் மீனாள். பெர்மாஸ் ஜெயாவில் ஆச்சி என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள். தீபாவளி வந்தால் என் தேன்குழலுக்கும் மனகோலத்துக்கும் முன்கூட்டியே சொல்லி வைக்கிற ஆட்கள் ஸ்கூடாய் வரைக்கும் இருக்கிறார்கள். கணவர் காசிவிஸ்வநாதன் தவறிவிட்டார். மகன் சோமு படிக்கப் போகிறேன் என்று மெல்பர்னுக்குப் போனான். படித்தான், வேலை பார்த்தான், வீடு வாங்கினான். இப்போது பேரப்பிள்ளைகள் ஃபோனில் கையசைக்கிறார்கள். அவனை அனுப்பி வைத்தது நான்தான். ஏர்போர்ட்டில் திருநீறு பூசி, சிரித்த முகத்தோடு அனுப்பினேன். ஒரு முட்டாள்தனத்தை இரண்டு தடவை செய்கிற ஆள் இல்லை நான். அவனுக்குப் பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது வைஷ்ணவி ஒருத்திதான்.

வைஷ்ணவி என் மகள். சிங்கப்பூரில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் பஸ் ஏறி, எல்லைப் பாலத்தில் நெரிசலில் நின்று, போய், திரும்பி வருவாள். ஜோகூரில் பாதிப் பிள்ளைகளின் பிழைப்பு அதுதானே. நானும் எழுந்து சாப்பாடு கட்டிக் கொடுப்பேன். களைத்துத்தான் வருவாள், ஆனால் வருவாள். எனக்கு அது போதும். போன தைப்பூசம் நெருங்கும்போது ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

"ம்மா, அங்கயே ஒரு ரூம் பாத்துட்டேன். டெய்லி இந்த ஜாம்ல நின்னு சாவ முடியல. வார வாரம் வந்துடுவேன்."

சோமுவும் வருடா வருடம் வருவேன் என்றுதான் சொன்னான். இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

நம் ஊர் வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசலுக்கு கேட், கேட்டுக்குப் பூட்டு, கதவுக்குக் கிரில், கிரில்லுக்கு ஒரு பூட்டு, மாடி ஜன்னலுக்கும் கம்பி. திருட்டுப் பயத்தில் தாமான் முழுக்க, இந்தக் குடியிருப்பு முழுக்க எல்லாரும் உள்ளே இருந்து பூட்டிக்கொண்டுதான் தூங்குகிறோம். அதைச் சிறை என்று யாராவது சொல்கிறார்களா? பத்திரம் என்கிறார்கள். மாடியில் பின்பக்க அறைக்கு நான் வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் பூட்டும் வைத்ததும் அந்தப் பத்திரம்தான். ஏர்கான் அறை. ஜன்னல் திறக்காத மாதிரி அவர் காலத்திலேயே அடைத்தது.

அந்த ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டியது தம்போயில் கடை வைத்திருக்கிற ஜீவன். வெள்ளி நிறம், கனமான ரகம். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் வானமும் மாமரமும்தான் தெரியும், உள்ளே யார் இருந்தாலும் தெரியாது. சாயங்காலம் உள்ளே விளக்குப் போட்டால் மட்டும் மாறிப்போகும். திருடன் சுத்தியலால் அடித்தாலும் கண்ணாடி விரியுமே தவிர விழாது என்று சொல்லிக் கொடுத்தான். அது சாமான் அறை, வெயில் பட்டு எல்லாம் கெட்டுப்போகிறது என்று அவனிடம் சொல்லி வைத்தேன். தைப்பூசத்துக்கு முன்னாலேயே ஒட்டியாகிவிட்டது. திட்டம் போட்டீர்களா என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு அறை தயார் செய்வதற்கு எந்தத் தாயும் திட்டம் என்று பெயர் வைப்பதில்லை.

அவள் பெட்டி கட்டிய அன்று மைலோ கலந்து கொடுத்தேன். அதில் மாத்திரை போட்டிருந்தேன். தூக்கம் வரவில்லை என்று டாக்டர் எனக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைதான், வெளியில் வாங்கியது இல்லை. கைத்தாங்கலாக மாடிக்கு ஏற்றினேன். தூங்கும்போது அவள் விரலை எடுத்து ஃபோனில் வைத்தேன், திறந்துகொண்டது. வேலையை விடுகிறேன் என்று ஆபீசுக்கு எழுதினேன். ரூம் வேண்டாம் என்று அந்த வீட்டுக்காரிக்கும் எழுதினேன். தோழிகளுக்கெல்லாம், சோமுவுக்கும்கூட, புது வேலை, ஒரே பிஸி, அப்புறம் பேசுகிறேன் என்று. அந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றால் நேரில் வந்து பார்த்திருப்பார்கள். இதுகள் ஆளுக்கொரு இதயப்படம் அனுப்பிவிட்டு விட்டுவிட்டன.

தாமானில் கேட்டவர்களிடம் வைஷ்ணவி சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டாள் என்றேன். ஜோகூரில் அதைவிட வசதியான பதில் கிடையாது. பிள்ளை சிங்கப்பூரில் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை. சம்பளம் எவ்வளவு என்று மட்டும் கேட்பார்கள்.

முதலில் கத்தினாள். கதவை உதைத்தாள். பக்கத்து வீடு சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. வருகிறவர்கள் எல்லாம் கராவோக்கே போட்டுக் கத்துவார்கள். அந்தக் கத்தலோடு இதுவும் போயிற்று. பிறகு அவளே அடங்கிவிட்டாள். பட்டினி போட்டேனா? வேளாவேளைக்குச் சுடச்சுடச் சாப்பாடு. அவளுக்குப் பிடிக்கும் என்று இனிப்புக் கவுனி அரிசியும் கந்தரப்பமும் நல்ல நாள் பார்க்காமல் செய்து கொடுத்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அவள் தலையை என்னிடம் கொடுத்ததே இல்லை, தம்பி. அந்த மாதங்களில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

நான் செய்த ஒரே தப்பு பெயிண்ட் வாங்கிக் கொடுத்தது.

தீபாவளிக்கு வீட்டுக்கெல்லாம் பெயிண்ட் அடித்தார்கள். வேலைக்காரர்கள் வெளிச்சுவரையும் கீழ்த்தளத்தையும் அடித்தார்கள், மாடிக்கு நான் விடவில்லை. அவள் அறை மட்டும் பழைய சுவரோடு இருக்கிறதே என்று மனசு கேட்கவில்லை. நீயே அடித்துக்கொள், உனக்குப் பிடித்த கலர் சொல் என்றேன். எந்தத் தாய் அப்படிக் கேட்பாள்? மஞ்சள் என்றாள். ஒரு டின், ஒரு பிரஷ், கீழே விரிக்கப் பழைய பேப்பர். நன்றாக அடித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னோடு பேசினாள், கட்டிலைக் கொஞ்சம் நகர்த்துங்கம்மா என்று. மிச்சப் பெயிண்டை அங்கேயே வைத்துவிட்டேன். அவள் சிரித்த மாதிரி இருந்தது, அதில் ஏமாந்துவிட்டேன்.

பின் வீட்டில் மலர் என்று ஒரு பெண். செடெனாக் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள். நல்ல மாதிரி, வாய்தான் கொஞ்சம் நீளம். ஒரு காலை துணி காயப்போடும்போது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஆச்சி, நேத்து சாயங்காலம் ஒங்க மேல் ரூம்ல லைட் எரிஞ்சுச்சு. ஜன்னல்ல ஏதோ எழுதியிருந்த மாதிரி இருந்துச்சே?"

"பெயிண்ட் அடிக்க வந்தவனுங்க தெறிச்சு வச்சிருக்கானுங்க மலரு. கண்ணு மண்ணு தெரியாம வேலை செஞ்சா அப்படித்தான்."

மாடிக்கு ஓடினேன். முந்தின நாள் சாப்பாடு கொண்டுபோனபோது வெளிப்பக்க ஸ்விட்சில் விளக்கைப் போட்டதும், மெல்லிய திரைச்சீலை மூடியிருந்ததால் நான் ஜன்னலைப் பார்க்காததும் நினைவுக்கு வந்தன. திரையை விலக்கினேன். கண்ணாடி முழுக்க மஞ்சளில் பெரிய பெரிய எழுத்து. வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு நேராகத் தெரியட்டும் என்று இடவலமாகத் திருப்பி எழுதியிருக்கிறாள். அறிவாளிப் பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. TOLONG என்று மலாயில். காப்பாற்றுங்கள் என்று அர்த்தம், உங்களுக்குத் தெரியாததா. எனக்குக் கோபம் எதில் தெரியுமா? தமிழ்ப் பள்ளிக்கு நான் கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளை. பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஊரில் போகிற வருகிறவர்களிடம் கேட்கிறாள்.

உடனே சுரண்டியிருக்கலாம். கையில் பிளேடுகூட எடுத்துவிட்டேன். ஆனால் ஃபிலிம் கிழிந்தால்? புது ஃபிலிம் ஒட்ட ஜீவன்தான் வர வேண்டும். அந்த அறைக்குள் ஆள் வர வேண்டும். கிழிந்த இடத்தின் வழியாக உள்ளே தெரியும். ஆகவே பிளேடைக் கீழே வைத்துவிட்டு, திரையை இழுத்துத் தைத்து மூடிவிட்டு, ஒரு கிராப் டாக்சி பிடித்துத் தம்போய்க்குப் போனேன். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

"ஜன்னல்ல பெயிண்ட் பட்டுக் காஞ்சு போச்சு தம்பி. எப்படி எடுக்கறது?"

"பெயிண்டர்ங்க தெறிச்சதா ஆன்ட்டி? வெளிப்பக்கம்தானே? பிளேடு போட்டுச் சுரண்டுங்க, ஒண்ணும் ஆகாது. ஃபிலிம் உள்பக்கம்தான ஒட்டியிருக்கோம்."

ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மலருக்குச் சொன்ன அதே பொய்தான், அவனே எடுத்துக் கொடுக்கிறான். ஆனால் ஃபிலிம் கெட்டுவிடுமே என்ற கவலையில் வாய் முந்திக்கொண்டது.

"இல்லப்பா, உள்பக்கம். ஃபிலிம் மேலயே பட்டிருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். "உள்ளயா? சாமான் ரூம்னுதான சொன்னீங்க?" என்றான். பிறகு அவனுடைய தொழில் பக்தி அவனைப் பேச வைத்தது. ஷாம்புத் தண்ணீர், ஊற வைப்பது, வழிந்துவிடாமல் மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது, தின்னர் பக்கமே போகக் கூடாது, கண்ணாடி துடைக்கிற அமோனியாத் தண்ணீரும் ஆகாது. சுரண்ட இரும்பு வேண்டாம், "பழைய பேங்க் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தா போதும், படுக்க வச்சு மெதுவா தள்ளுங்க லா" என்றான்.

வீட்டில் பழைய அட்டை எதுவும் கிடைக்கவில்லை. வைஷ்ணவியின் கைப்பை என் அலமாரியில் இருந்தது. அதில் அவளுடைய சிங்கப்பூர் வேலை அனுமதி அட்டை. நல்ல கெட்டியான பிளாஸ்டிக். அவள் படம் போட்டது. அதை வைத்து இனி என்ன செய்யப்போகிறாள் என்று எடுத்துக்கொண்டு போனேன்.

வெளியே நல்ல வெயில், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாத நேரம். எழுத்து எழுத்தாக நனைத்தேன், தாள் ஒட்டினேன், காத்திருந்தேன். ஊறிய பிறகு அட்டையைப் படுக்க வைத்துத் தள்ளினால் பெயிண்ட் பாலாடை மாதிரிச் சுருண்டு வந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் பாஸ், ம்மா," என்றாள்.

"தெரியும்."

"அத வச்சா?"

"ஜீவன்தான் சொன்னான், பிளாஸ்டிக்தான் நல்லதுன்னு. ஃபிலிம் மேல கோடு விழக் கூடாதுல்ல?"

அவள் அழவில்லை. அட்டையையே பார்த்தாள், பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசி எழுத்தின் வால் மட்டும் போகமாட்டேன் என்று அடம்பிடித்தது. அதையும் தடவித் தடவி எடுத்தேன். முதுகு விண்விண் என்று வலித்தது. திட்டவில்லை, அடிக்கவில்லை. என் கையை அவள்மேல் ஒரு நாளும் ஓங்கியதில்லை, இதை எழுதிக்கொள்ளுங்கள். மிச்சப் பெயிண்ட் டின்னை எடுத்து வந்திருக்க வேண்டும். கை நிறைய துணியும் வாளியும் இருந்ததால் மறந்துவிட்டேன்.

தீபாவளிக்கு எப்போதும்போல வீட்டைத் திறந்து வைத்தேன். ஒவ்வொரு வருடமும் திறந்த வீட்டை இந்த வருடம் மூடினால்தான் பேச்சு வரும். அன்றைக்கு மட்டும் நம் வழக்கப்படி கேட்டுக்குப் பூட்டுக் கிடையாது, வந்தவர்களை வா என்றுதான் சொல்ல வேண்டும். மலாய்க்கார அக்கம்பக்கம், சீனர்கள், கோயில்காரர்கள் என்று கூடம் நிறைந்திருந்தது. மாடிக்குக் காலையிலேயே மைலோ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக. அவள் அதைக் குடிக்கவில்லை, பெயிண்ட் டின்னில் ஊற்றியிருக்கிறாள் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். எத்தனை நாளாக அப்படி ஊற்றினாளோ, கள்ளி.

ஜீவன் வந்தான். நான் அவனைக் கூப்பிடவில்லை. ஆனால் திறந்த வீட்டுக்குக் கூப்பிடாமலும் வரலாமே. தட்டில் கவுனி அரிசியை வாங்கிக்கொண்டான், சாப்பிடவில்லை.

"பெயிண்ட் போயிருச்சா ஆன்ட்டி?"

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். சுத்தமா போயிடுச்சு."

"ஒரு எட்டு மேல போய்ப் பாத்துட்டு வந்துடவா? ஓரம் தூக்கியிருந்தா இப்பவே அமுக்கி விட்டுடலாம்."

"நல்ல நாள்ல வேலை எதுக்குப்பா? சாப்பிடுங்க."

"இல்ல ஆன்ட்டி, அன்னிக்கிலேருந்து மனசுக்குள்ள ஒண்ணு கொடஞ்சுகிட்டே இருக்கு. ஆள் இல்லாத ரூம்ல உள்பக்கம் பெயிண்ட் எப்படி வந்துச்சு?"

மலர் பக்கத்தில் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு யார் வாயைப் பூட்டுவது?

"பெயிண்ட் தெறிக்கல தம்பி, எழுத்து. நான்தான் பாத்தேனே. டி, ஓ, எல், ஓ... அதுக்குள்ள லைட்ட அணைச்சிட்டாங்க."

ஜீவன் தட்டைக் கீழே வைத்தான். மலர் முறுக்கை அப்படியே வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் மாடியில் முதல் அடி விழுந்தது.

டின்னால் அடித்திருக்கிறாள். அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. எல்லாரும் பின்பக்கம் ஓடி நிமிர்ந்து பார்த்தார்கள். கண்ணாடி முழுக்க விரிந்திருந்தது, ஆனால் ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. அந்தப் பையன் ஒட்டின வேலை அப்படி. அதை நான் அங்கேயே அவனிடம் சொன்னேன். அவன் காதில் வாங்காமல் சாவியைக் கேட்டான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. பந்தி முடியட்டும், பிறகு பேசலாம் என்றேன். அவன் மாடிக்கு ஓடித் தாழ்ப்பாளை உடைத்தான். நல்ல நாளும் அதுவுமாக, வீட்டுக் கதவு.

இறங்கி வந்தாள். தலை நான் பின்னிவிட்டபடியே இருந்தது. கூடத்தில் அத்தனை பேரும் ஒதுங்கி வழி விட்டார்கள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், தாண்டிப் போனாள், பார்க்கவில்லை. நேராக கேட்டைக் கடந்து ரோட்டில் போய் நின்றாள், செருப்பில்லாமல், தார் கொதிக்கிற வெயிலில். நான் செருப்பை எடுத்துக்கொண்டு போனேன். வாங்கவில்லை. மலர் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள், அதைப் போட்டுக்கொண்டாள். எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு நெஞ்சில் குத்தியது.

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். பூட்டியது நான். மாத்திரை கலந்தது நான். அவள் பெயரில் எல்லாருக்கும் எழுதியது நான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கூட இல்லை. கோர்ட்டில் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். மறுபடி அதே தைப்பூசம் வந்து, அவள் அதே தட்டின் முன்னால் உட்கார்ந்து அதே பேச்சைப் பேசினால், மறுபடியும் பூட்டுவேன். பெயிண்ட் மட்டும் வாங்கித் தரமாட்டேன்.

என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறாளாம். சொல்லட்டும். கோபம் ஊறி ஆறினால் வருவாள், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா? அறையை அப்படியே வைத்திருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஜன்னல் படத்தைக் காட்டி, ஃபிலிமில் கீறல்கள் இருக்கின்றனவே, இவ்வளவு ஜாக்கிரதையாகத் துடைத்தேன் என்கிறீர்களே என்று கேட்டீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. எழுத்து இருந்த இடத்தைப் பாருங்கள், கண்ணாடி விரிந்திருந்தாலும் ஃபிலிம் பளிங்கு மாதிரி இருக்கும். நீங்கள் காட்டியது கீழ் ஓரம். அங்கே வரிசையாக, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறதே, அது என் வேலை இல்லை. அது அவள் நகம். பெயிண்ட் கைக்கு வருவதற்கு முன்னாலேயே, முதல் வாரத்திலிருந்தே அப்படித்தான் பிறாண்டிக்கொண்டிருந்தாள். ஃபிலிம் கெட்டுப்போகும், விடு என்று நான்தான் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன்.